13 தேர்தல், 7 தொகுதி: கலைஞர் ஏன் ஒரே தொகுதியில் நிலைக்கவில்லை?

காவிரிக்கரை எழுதியது:

குளித்தலைக்காரன் நான். எங்க பக்கம் தேர்தல் மேடை போட்டால், "கலைஞரை முதன்முதலில் சட்டமன்றத்துக்கு அனுப்பிய மண்" என்று யாராவது சொல்லாமல் கூட்டம் முடியாது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் 1957-ல் எங்களிடம் ஓட்டு வாங்கிப் போனவர் 1962-ல் தஞ்சாவூரில் நின்றார். 1967, 1971 இரண்டிலும் சைதாப்பேட்டை. 1977, 1980-ல் அண்ணாநகர். 1989, 1991-ல் துறைமுகம். 1996, 2001, 2006 மூன்றும் சேப்பாக்கம். 2011, 2016-ல் திருவாரூர். பதின்மூன்று முறை நின்று பதின்மூன்றிலும் வெற்றி, ஏழு தொகுதி. விட்டுப்போன தொகுதிக்கு ஒருமுறைகூடத் திரும்பி வந்து நிற்கவில்லை.

தோல்வியே காணாதவர் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை. ஒவ்வொரு தாவலுக்கும் காரணம் என்ன, அந்தத் தாவல் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும், விட்டுப்போன தொகுதிக்கு என்ன மிச்சம்? இதைத்தான் பேச ஆசை.

முதல் தேர்தலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1957-ல்தான் திமுக முதன்முதலாகப் பொதுத்தேர்தலில் இறங்கியது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி இல்லை, கட்சிக்கென்று நிலையான சின்னமும் இல்லை. குளித்தலை அப்போது திருச்சி மாவட்டம். கலைஞருக்குச் சொந்த ஊர் தஞ்சை மாவட்டத்துத் திருக்குவளை, வளர்ந்தது திருவாரூர். இங்கே சாதிபலமோ உறவுபலமோ கிடையாது. இருந்தது 1953 கல்லக்குடிப் போராட்டம். தண்டவாளத்தில் தலைவைத்துச் சிறை போனவர் என்ற பேச்சு திருச்சி மாவட்டம் முழுக்க இருந்தது. காங்கிரசின் கே.ஏ.தர்மலிங்கத்தை 8,296 ஓட்டில் வென்றார். சட்டமன்றத்தில் எழுந்து முதலில் பேசியதே நங்கவரம் பண்ணையில் வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுத விவசாயிகள் பிரச்சினைதான். அதனால்தான் இன்றைக்கும் எங்க பெரியவர்கள் அவரை எங்க எம்.எல்.ஏ. என்கிறார்கள்.

ஐந்தே வருடம். அதற்குமேல் ஏன் இல்லை?

---

கோட்டைமேடு எழுதியது:

குளித்தலை அண்ணனுக்குத் தஞ்சாவூரிலிருந்து பதில். 1962-ஐ 1962-ஆகப் பார்க்கணும். 1957-ல் ஜெயித்த திமுகவினர் 15 பேர். அந்தப் பதினைந்து பேரையும் அடுத்த முறை உள்ளே விடக்கூடாது என்று காமராஜர் குறிவைத்து வேலை செய்தார். காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார், எஸ்.வி.நடேச முதலியாரிடம். பதினைந்தில் திரும்பி வந்தது ஒரே ஆள், கலைஞர். கட்சி 50 இடம் பிடித்தது, ஆனால் பழைய முகம் இவர் மட்டும்தான். நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவர், இவர் துணைத்தலைவர்.

அதை வைத்து எங்க ஊரைப் பத்திரமான தொகுதி என்று நினைத்துவிடாதீர்கள். பரிசுத்த நாடார் 1957-ல் இங்கே வென்ற காங்கிரஸ்காரர். பணபலமும் ஆள்பலமும் உள்ள பெரிய குடும்பம். கலைஞருக்கு 32,145, நாடாருக்கு 30,217. வித்தியாசம் 1,928-தான்.

இன்னொன்று. 1967-ல் தமிழ்நாடே திமுக பக்கம் சாய்ந்தது, விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அதே 1967-ல் தஞ்சாவூரில் ஜெயித்தது யார்? மறுபடியும் பரிசுத்த நாடார், காங்கிரஸ். கலைஞர் இங்கேயே நின்றிருந்தால் தோற்றிருப்பார் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் கடும் போட்டியாக இருந்திருக்கும். அவர் அதைக் கணித்துத்தான் சைதாப்பேட்டைக்குப் போனார் என்பது என் எண்ணம்.

தொகுதிக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு: 1962-67-ல் அவர் ஆளுங்கட்சி இல்லை. 1965 மொழிப்போர் சமயத்தில் எங்க எம்.எல்.ஏ. பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார். ரோடு, பாலம் என்று எதிர்பார்த்து அந்த ஐந்து வருஷத்தை அளக்க முடியாது.

---

நேர்பட எழுதியது:

வித்தியாசமான கருத்து வைக்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். நான் எம்.ஜி.ஆர். ரசிகர் வீட்டில் பிறந்தவன், ஆனால் கருணாநிதியின் உழைப்பை மறுக்கிறவன் இல்லை.

"13-க்கு 13" என்ற கணக்கில் 1984 எங்கே? அந்தத் தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. இந்திரா காந்தி சுட்டுக்கொல்லப்பட்ட துக்கம், எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனைப் படுக்கையில், அதிமுக-காங்கிரஸ் கூட்டணிக்கு அலை. அந்த வருஷம் மேலவை உறுப்பினராகிவிட்டார். நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அதை ஒதுக்கிவிட்டுத் தோல்வியே இல்லை என்பது முழுக்கணக்கு இல்லை.

எம்.ஜி.ஆரோ படுக்கையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வேட்பாளர். பிரசாரத்துக்கு வராமலே ஜெயித்தார்.

இரண்டாவது, 1991. துறைமுகத்தில் 890 ஓட்டில் ஜெயித்துவிட்டு ராஜினாமா செய்தார். 1983-லும் ராஜினாமா. ஒரு தொகுதி மக்கள் ஐந்து வருஷத்துக்குத்தானே ஓட்டுப் போடுகிறார்கள்?

---

சைதை மேற்கு எழுதியது:

நேர்பட ஐயா, 1983-ஐயும் 1991-ஐயும் ஒன்றாகக் கட்டாதீர்கள். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களைக் கொன்று குவித்தார்கள். மத்திய அரசு உறுதியாகச் செயல்படவில்லை என்று கண்டித்து ஆகஸ்ட்டில் கலைஞரும் பேராசிரியர் அன்பழகனும் சேர்ந்து பதவி விலகினார்கள். அன்றைக்குத் தமிழ்நாடு முழுக்கக் கடையடைப்பு, ஊர்வலம், கண்ணீர். எம்.எல்.ஏ. பதவி ஒரு பொருட்டா என்று நினைத்த காலம் அது. அதைத் தொகுதிக்குச் செய்த துரோகமாக அண்ணாநகர்க்காரர்கள் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

1984-ல் நிற்காதது உண்மை. ஆனால் அதே 1984-ல் அன்பழகன் பூங்காநகரில் நின்று ஜெயித்தார். அலையிலும் சென்னையில் திமுகவுக்கு இடம் இருந்தது. ஆகவே தோல்வி நிச்சயம் என்று பயந்து ஒதுங்கினார் என்று சொல்லவும் ஆதாரம் போதாது.

எங்க தொகுதியைப் பற்றி: 1967-ல் 20 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசம். பொதுப்பணித்துறை அமைச்சரானார். அண்ணா மறைந்ததும் 1969 பிப்ரவரி 10-ல் முதலமைச்சர். அதாவது சைதாப்பேட்டை எம்.எல்.ஏ.தான் முதன்முதலில் முதல்வர் கலைஞர். 1971-ல் குடந்தை ராமலிங்கத்தை எதிர்த்து 12 ஆயிரத்துச் சொச்சம் வித்தியாசம், கட்சிக்கு 184 இடம். 1976 ஜனவரி 31-ல் ஆட்சியைக் கலைத்தார்கள்.

1977-ல் அண்ணாநகருக்குப் போனதைப் பயம் என்கிறவர்கள் ஒன்றைப் பாருங்கள். அவர் விட்டுப்போன சைதாப்பேட்டையில் அந்த 1977-லேயே திமுகதான் ஜெயித்தது. எம்.ஜி.ஆர். முதன்முறை ஆட்சியைப் பிடித்த தேர்தல் அது, அப்போதும் சென்னை திமுகவிடம்தான். ஆக இங்கே பயத்துக்கு வேலையில்லை.

---

எண்கணக்கு எழுதியது:

வாக்கு வித்தியாசத்தை வெறும் எண்ணாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். தொகுதியின் அளவு முக்கியம். சென்னையின் நடுப்பகுதித் தொகுதிகள் ரொம்பச் சின்னவை. கொஞ்சம் பிரித்துப் பார்த்தேன். முதல் இரண்டு இடம் வந்தவர்களின் ஓட்டை மட்டும் கூட்டி, அதில் வித்தியாசம் எத்தனை சதவீதம் என்று:

1957 குளித்தலை: 8,296, சுமார் 22%
1962 தஞ்சாவூர்: 1,928, சுமார் 3%
1980 அண்ணாநகர்: 699, முக்கால் சதவீதம்கூட இல்லை
1991 துறைமுகம்: 890, ஒன்றரை சதவீதம்
1996 சேப்பாக்கம்: 35,784, சுமார் 63%
2001 சேப்பாக்கம்: 4,834, சுமார் 9%
2016 திருவாரூர்: 68,366, சுமார் 39%

2016-தான் அவருடைய பெரிய வெற்றி என்று சொல்வார்கள், அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிக வித்தியாசமும் அதுதான். ஆனால் விகிதத்தில் 1996 அதைவிட எவ்வளவோ மேலே. கலைஞருக்கு 46,097, எதிரே காங்கிரஸ் சார்பில் நின்ற நெல்லை கண்ணனுக்கு 10,313. தமிழ்க்கடல் என்று பேர்வாங்கிய பேச்சாளர், அவருக்கே அந்தக் கதி. ஜெயலலிதா பர்கூரில் தோற்ற வருஷம் அது, எதிர்ப்பலை எவ்வளவு பலமாக அடித்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1989-ஐ இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. துறைமுகத்தில் 31,991 வித்தியாசம். ஆனால் எதிர் ஓட்டு, இரண்டாக உடைந்த அதிமுகவின் ஜெயலலிதா அணி, ஜானகி அணி, காங்கிரஸ் கூட்டணி என்று சிதறிக்கிடந்த தேர்தல். இரண்டு பேரை மட்டும் ஒப்பிட்டால் தப்பான படம் கிடைக்கும்.

இனி என் கருத்து. 699-ஐயும் 890-ஐயும் பார்த்த பிறகு, "பத்திரமான தொகுதி தேடி ஓடினார்" என்ற வாதம் நிற்காது. இரண்டு இடத்திலும் அவர் முன்பே ஜெயித்த தொகுதியிலேயே இரண்டாம்முறை நின்றார், அங்கேதான் கழுத்துவரை தண்ணீர் வந்தது. தஞ்சாவூரிலும் சேப்பாக்கத்திலும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து தேர்தலில் வித்தியாசம் பத்தாயிரத்துக்குக் கீழே (குளித்தலையும் கணக்கில் வந்தால் ஆறு). சொல்லிவைத்த வெற்றிகள் இல்லை இவை.

---

ஷெனாய்நகர் 3வது கிராஸ் எழுதியது:

699 பற்றி இங்கே இருக்கிறவன் சொல்கிறேன். 1980 ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல், திமுக-காங்கிரஸ் அணிக்கு 39-ல் 37. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல். முடிந்துபோன ஆட்டம் என்றுதான் எல்லோரும் பேசினோம். நடந்தது நேர்மாறு, அதிமுகவுக்கு 129, திமுகவுக்கு 37.

அண்ணாநகரில் எதிரே நின்றவர் டாக்டர் ஹண்டே. ஏற்கனவே சுதந்திரா கட்சியில் பூங்காநகர் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். எங்க ஷெனாய் நகரில் அவருடைய ஆஸ்பத்திரி. கட்சிக்காரர் என்பதற்கு முன்னால் அவர் இந்த வட்டாரத்து டாக்டர். இந்தப்பக்கம் நாலு தெரு தள்ளி யாரைக் கேட்டாலும் தெரியும். அலையும் இருந்து, வேட்பாளரும் உள்ளூர் முகம் என்றால் முன்னாள் முதல்வருக்கே மூச்சு முட்டும். 51,290-க்கு 50,591. தோற்றும்கூட ஹண்டேயை எம்.ஜி.ஆர். சுகாதார அமைச்சராக்கினார்.

கலைஞர் 1989-ல் இங்கே திரும்பி வராததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கணும். ஆனால் பாருங்கள், 1989-ல் அண்ணாநகரில் நின்று ஜெயித்தது பேராசிரியர். கலைஞர் துறைமுகத்தை விட்டபிறகு 1996-ல் அங்கேயும் பேராசிரியர்தான். தலைவர் விட்ட இடத்தில் அடுத்த நிலையில் இருக்கிறவர் போய் நிற்பது, தொகுதியைக் கைகழுவுவதாக எனக்குப் படவில்லை.

---

மண்ணடி பஜார் எழுதியது:

பாய், துறைமுகம் பற்றி நானும் ஒரு வார்த்தை. 1991 ராஜினாமாவில் எங்களுக்கு வருத்தம் இருந்தது, அதை மறைக்கவேண்டியதில்லை. ராஜீவ் காந்தி மே 21-ல் கொல்லப்பட்டார், இங்கே ஓட்டுப்பதிவு ஜூன் 15-க்குத் தள்ளிப்போனது. திமுக கொடிக்கம்பம் எங்கே தெரிந்தாலும் வெட்டிச்சாய்த்த நாட்கள். திமுககாரர் என்று வெளியே சொல்லவே யோசித்தார்கள். மாநிலமே எதிராகப் போன அந்த நாளில் மண்ணடியும் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து 890 ஓட்டில் அவரைக் காப்பாற்றின. காப்பாற்றியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது அன்றைக்கு டீக்கடைப் பேச்சு.

தோல்விக்குப் பொறுப்பேற்று விலகினார் என்று கட்சிக்காரர்கள் சொன்னார்கள். அவர் மனசுக்கு அது நியாயமாக இருக்கலாம். ஆனால் சட்டமன்றத்தில் அந்த ஐந்து வருஷம் எழும்பூர் பரிதி இளம்வழுதி தனியாகக் கத்திக்கொண்டு இருந்தார். எதிரே இருநூறு பேருக்கு மேல். கலைஞர் அங்கே உட்கார்ந்திருந்தால் ஆளுங்கட்சி அப்படி நடந்திருக்குமா? முப்பது வருஷத்துக்கு மேலான சட்டமன்ற அனுபவம் மிகத் தேவைப்பட்ட நேரத்தில் அது சபைக்குள் இல்லாமல் போனது. என் மனக்குறை இதுதான்.

---

நேர்பட எழுதியது:

மண்ணடி பாய் சொன்னது நூறு சதவீதம் என் கருத்து. இதையே நீட்டிச் சொல்கிறேன். 2001-06-ல் எத்தனை நாள் அவையில் உட்கார்ந்தார்? 2011-க்குப் பிறகு? வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிய படங்கள்தான் பேப்பரில் வந்தன. அரசியல் சட்டம் 190-வது பிரிவில் அனுமதியில்லாமல் 60 நாள் வராவிட்டால் இடம் காலி என்று அவை அறிவிக்கலாம். அந்தக் கையெழுத்து அதற்காகத்தான்.

1957-67-ல் கேள்விமேல் கேள்வி கேட்டு, வெட்டுத்தீர்மானம் கொடுத்து அமைச்சர்களைத் திணறடித்த அதே மனிதர். அந்தப் பத்து வருஷம் எனக்கும் பிடிக்கும். பின்னாளில் தோற்ற தலைவர் அவைக்கு வருவதே கௌரவக்குறைவு என்று ஆகிப்போனதே, அந்தப் பழக்கத்தில் இவருக்கும் பங்கு உண்டு.

---

சைதை மேற்கு எழுதியது:

பங்கு உண்டு, ஆனால் தனியாக இல்லை. 1989 மார்ச் 25-ல் சட்டமன்றத்தில் நடந்த அமளிக்குப் பிறகு, முதல்வராகத்தான் திரும்பி வருவேன் என்று போனவர் ஜெயலலிதா. 2006-11-ல் அவரும் அபூர்வமாகத்தான் வந்தார். இரண்டு பெரிய கட்சியும் சேர்ந்து செய்த கெடுதல் இது.

2011-க்குப் பிறகு கலைஞர் சக்கர நாற்காலியில். நாற்காலியோடு வந்து அமரும்படி இடம் ஒதுக்கச் சொல்லி திமுக கேட்டது, தரவில்லை என்பது அவர்கள் புகார். எண்பத்தேழு வயதில் ஐந்து முறை முதல்வராக இருந்த ஒருவருக்கு வசதியான ஓர் இருக்கை போட்டுத் தருவது யாருக்கும் தோல்வியாகாது. எந்தக் கட்சி ஆண்டாலும் செய்யவேண்டிய மரியாதை.

2001 நிலைமை வேறு. ஆட்சி மாறிய ஒன்றரை மாதத்தில், ஜூன் 30 விடியற்காலையில் வீடு புகுந்து கைது. அதற்கப்புறம் அதே முதல்வர் எதிரே போய் உட்கார்ந்து பேச மனசு வருமா என்பதையும் யோசியுங்கள்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

கைது, அமளி பற்றிய விவாதத்துக்குத் தனி இழைகள் உள்ளன. இங்கே தொகுதி மாற்றம், சட்டமன்றப் பணி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதுவரை மரியாதையாகப் போகிறது, நன்றி.

---

பாலக்காட்டுத் தமிழன் எழுதியது:

பக்கத்து மாநிலத்திலிருந்து ஓர் ஒப்பீடு. கேரளத்தின் கே.எம்.மாணியும் 13 முறை ஜெயித்தவர். 1965 முதல் 2016 வரை எல்லாமே பாலா என்ற ஒரே தொகுதி. உம்மன் சாண்டி 1970-லிருந்து புதுப்பள்ளி மட்டும்தான், 12 முறை. மகாராஷ்டிரத்தில் விவசாயிகள் தொழிலாளர் கட்சியின் கண்பத்ராவ் தேஷ்முக் சாங்கோலாவில் 11 முறை.

கேரளத்தில் ஒரு தலைவர் தொகுதியை மாற்றினால் அங்குள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள். கல்யாணம், சாவு, தேவாலயப் பெருநாள் எல்லாவற்றுக்கும் எம்.எல்.ஏ. நேரில் வரணும். உம்மன் சாண்டி ஞாயிற்றுக்கிழமையானால் புதுப்பள்ளி வீட்டில் ஜனங்களோடு இருப்பார், முதல்வராக இருந்தபோதும். தமிழ்நாட்டில் தலைவர் என்றால் மாநிலத்துக்கே சொந்தம், தொகுதி என்பது அவர் வேட்புமனுவில் எழுதும் ஊர்ப்பேர் மாதிரி ஆகிவிட்டது. காமராஜர் குடியாத்தம், சாத்தூர், விருதுநகர், அப்புறம் நாடாளுமன்றத்துக்கு நாகர்கோவில். எம்.ஜி.ஆர். பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிபட்டி. ஜெயலலிதா போடி, பர்கூர், காங்கேயம், ஆண்டிபட்டி, ஸ்ரீரங்கம், ஆர்.கே.நகர். இந்த வரிசையில் கலைஞரை மட்டும் தனியாக நிறுத்திக் கேள்வி கேட்பது சரியில்லை.

எது நல்லது என்று கேட்டால் என் ஓட்டு பாலா பக்கம்தான். ஆனால் மாணிக்கும் 2016-ல் நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டுதான் வித்தியாசம். ஐம்பது வருஷ உறவும் உத்தரவாதம் இல்லை.

---

காவிரிக்கரை எழுதியது:

பாலக்காட்டார் சொன்ன வரிசையை நானும் யோசித்தேன். ஆனால் ஒரு வேறுபாடு தெரிகிறது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் தென்மாவட்டம், மேற்கு மாவட்டம் என்று கட்சி பலமான புதுப்புது வட்டாரமாகப் போனார்கள். கலைஞர் 1967-லிருந்து 2006 வரை, நாற்பது வருஷம் நின்ற ஒன்பது தேர்தலும் சென்னைக்குள்ளேயே. தொகுதிப்பெயர் நாலு, நகரம் ஒன்று. மாநிலம் முழுக்கச் சுற்றிப் பிரசாரம் செய்கிறவருக்குத் தன் தொகுதி கோபாலபுரத்து வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் இருப்பது எவ்வளவு வசதி என்பதை அரசியல் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைசி நாள் பிரசாரம் மட்டும் தன் தொகுதிக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படிப் பார்த்தால் டெல்டாவை விட்டு அவர் போனது 1967-ல். திரும்பி வந்தது 2011-ல். என் மனசில் உறுத்துவது இந்த நாற்பத்து நாலு வருஷ இடைவெளிதான். சொந்த மண்ணிலேயே நின்றிருக்கலாமே? திருவாரூரில் 1977-லேயே நின்றிருக்கலாமே?

---

கமலாலயம் தென்கரை எழுதியது:

நின்றிருக்க முடியாது அண்ணே. திருவாரூர் அப்போது தனித்தொகுதி. 1977-லிருந்து 2006 வரை தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகுதான் பொதுத்தொகுதி ஆனது. அதே மறுவரையறையில் சேப்பாக்கம் தனியாக இல்லாமல் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி என்று பெரிதானது. ஒருபக்கம் பழைய தொகுதியின் எல்லை மாறுகிறது, மறுபக்கம் வளர்ந்த ஊரின் கதவு திறக்கிறது. 2011-ல் இங்கே வந்ததற்கு உணர்ச்சி ஒரு காரணம், இந்த வரைபடம் இன்னொரு காரணம். வெளியூர்க்காரர்கள் பலர் இதை மறந்துவிட்டு, எண்பத்தாறு வயதில் பயந்துபோய்ச் சொந்த ஊருக்கு ஓடிவந்தார் என்று எழுதுகிறார்கள். அது சரியான படிப்பு இல்லை.

சேப்பாக்கத்திலும் நெருக்கடி இருந்தது உண்மைதான். 2001-ல் ஆளும் முதல்வராக நின்றே 4,834, 2006-ல் சுயேச்சை தாவூத் மியாகானோடு 8,526. 2001-ல் பாஜகவோடு கூட்டணி வைத்தது முஸ்லிம்கள் நிறைய வாழும் தொகுதியில் அவருக்கு எவ்வளவு இடைஞ்சல் தந்திருக்கும் என்று மண்ணடி பாய்க்குத்தான் தெரியும்.

தொகுதிக்கு என்ன மிச்சம் என்று முதல் பதிவில் கேட்டீர்கள். திருவாரூர் கணக்கைச் சொல்கிறேன். தனி மாவட்டம் ஆனது 1997, அப்போது அவர் சேப்பாக்கம் எம்.எல்.ஏ. மத்தியப் பல்கலைக்கழகம் 2009, அரசு மருத்துவக் கல்லூரி 2010, அப்போதும் சேப்பாக்கம் எம்.எல்.ஏ. நாங்கள் ஓட்டுப்போட்டு அவரை அனுப்பிய 2011-லிருந்து அவர் கண்மூடும்வரை ஒருநாள்கூட அவர் கட்சி ஆட்சியில் இல்லை. எங்களுக்கு அவர் செய்த பெரிய காரியமெல்லாம் எங்கள் எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்னால் செய்தவை. அந்த நன்றிக்குத்தான் ஓட்டு விழுந்தது என்பது என் திடமான நம்பிக்கை. 2011-ல் கட்சி 23 இடத்துக்கு விழுந்து, எதிர்க்கட்சித் தலைவர் பதவிகூட விஜயகாந்துக்குப் போனது. இங்கே மட்டும் 50,249 வித்தியாசம்.

---

எண்கணக்கு எழுதியது:

கமலாலயம் சொன்னதை வைத்து ஏழு தொகுதியையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஆளுங்கட்சி உறுப்பினராக அவர் இருந்தது சைதாப்பேட்டை (1967-76), துறைமுகம் (1989-91, இரண்டே வருஷம்), சேப்பாக்கம் (1996-2001, 2006-11) மூன்றில் மட்டும். குளித்தலை, தஞ்சாவூர், அண்ணாநகர், திருவாரூர் நான்குக்கும் அவர் முழுக்க எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. டெல்டாவும் காவிரிக்கரையும் அவரை அனுப்பியதெல்லாம் எதிர்வரிசைக்குத்தான்.

அவர் கொண்டுவந்த சட்டங்களைப் பார்த்தாலும் தொகுதியோடு ஒட்டாதவை. நில உச்சவரம்பை 15 தர ஏக்கராக (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) குறைத்த 1970 திருத்தம் சைதாப்பேட்டைக்கு என்ன பயன்? பயனெல்லாம் நங்கவரம் மாதிரி ஊர்களுக்கு. 1989-ல் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்த திருத்தச் சட்டம் வந்தபோது அவர் துறைமுகம் எம்.எல்.ஏ. அந்தச் சட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுவர மத்திய அரசுக்கு 2005 ஆனது.

---

காவிரிக்கரை எழுதியது:

நில உச்சவரம்பையும் நங்கவரத்தையும் சேர்த்துச் சொன்னீர்கள் பாருங்கள், இதை நான் யோசித்ததே இல்லை. 1957-ல் எங்க தொகுதி எம்.எல்.ஏ.வாக முதலில் எழுப்பியது குத்தகை உழவர் பிரச்சினை. பதின்மூன்று வருஷம் கழித்து சைதாப்பேட்டை எம்.எல்.ஏ.வாக, முதலமைச்சராகச் சட்டம் போட்டார். அந்த உச்சவரம்பு எங்க பக்கம் முழுசாக அமலானதா என்றால் இல்லை. பினாமிப் பேரில், அறக்கட்டளைப் பேரில் தப்பியது நிறைய. அது வேறு சண்டை, அதற்கு இன்னும் ஆள் வேண்டும்.

ஆனால் ஐந்து வருஷம் ஓர் ஊரில் எம்.எல்.ஏ.வாக நடந்து பார்த்தது வீண்போகவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் நேர்பட, மண்ணடி பாய் இருவரும் சொன்ன 1991-ல் நான் அவர்கள் பக்கம்தான். ஜெயித்தபின் உட்கார்ந்திருக்கணும்.

---

நேர்பட எழுதியது:

நன்றி. நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். திருவாரூர் தனித்தொகுதி விவரத்தை இந்த விவாதத்தில் யாராவது எடுத்துவைக்காவிட்டால், சொந்த ஊரை மறந்தவர் என்றே நானும் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

---

கமலாலயம் தென்கரை எழுதியது:

கடைசியாக 2016 பற்றி மட்டும். அப்போது அவருக்கு 92 நெருங்கிக்கொண்டிருந்தது. நிற்கவேண்டிய கட்டாயமே இல்லை, எதிர்க்கட்சித் தலைவராகப்போவது தளபதி ஸ்டாலின்தான் என்பதும் எங்களுக்குத் தெரியும். 1,21,473 ஓட்டுப் போட்டோம். எதிரே நின்ற அதிமுக ஆர்.பன்னீர்செல்வத்துக்கு 53,107. அந்த வருஷக் கடைசியிலேயே உடல்நிலை மோசமாகி வெளியே வருவது நின்றுபோனது. ஆனாலும் 2018 ஆகஸ்ட் 7-ல் இறந்த அன்றுவரை திருவாரூர் எம்.எல்.ஏ. அவர்தான். இடைத்தேர்தலை 2019 ஜனவரியில் வைப்பதாக அறிவித்தார்கள். கஜா புயல் அடித்து இங்கே கூரைகூட இல்லாமல் ஜனங்கள் கிடந்த நேரம், வேண்டாம் என்று கேட்டு ரத்தானது. பிறகு நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து நடந்ததில் பூண்டி கலைவாணன் திமுக சார்பில் ஜெயித்தார்.

மனு கொடுக்க எம்.எல்.ஏ. அலுவலகம் போனால் அவர் இருக்கமாட்டார் என்று தெரிந்தேதான் அந்த 2016 ஓட்டும் விழுந்தது. குளித்தலை அண்ணன் கேட்ட கேள்விக்கு எங்க ஊர் ஜனம் சொன்ன பதிலாக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.